கரிச்சானுக்குக் கடன் வாங்கிய குரல் வந்த கதை

பறவைகளும் நம்மைப் போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடல் நடுவே ஒரு தீவுக்காடு. அங்கே தேன்தொண்டைக் குருவிகள் இருந்தன. விடிந்தால் கிழக்குக் கரைக் குருவி ஒரு பாட்டைத் தொடங்கும், அடுத்த மரம் பதில் பாடும், அதற்கடுத்த மரம் அதற்குப் பதில். அப்படியே தீவு முழுக்கச் சுற்றிவரும். பதில் கேட்காமல் எந்தக் குருவியும் இரை தேடப் போகாது. அதுதான் வழக்கம்.

அதே காட்டில் இருந்த இரட்டைவால் கரிச்சானுக்கு அப்போது வெறும் கரகர குரல். தூக்கம் கெடுகிறதென்று தினமும் திட்டும். ஆனால் கேட்காமலும் இருக்காது.

ஒருநாள் கப்பலொன்று பாறையில் மோதி உடைந்தது. எலிகள் நீந்திக் கரையேறின. அதுவரை அந்தத் தீவில் முட்டை தின்னும் பிராணியே கிடையாது, அதனால் குருவிகள் கைக்கெட்டும் புதரில் கூடு கட்டியிருந்தன. அடைகாத்தபடியே பதிலும் பாடின. எலிகளுக்கு வேறென்ன வேண்டும்? சத்தம் வந்த இடத்துக்கு நேராகப் போய் முட்டையையும் தின்றன, தாயையும் தின்றன.

கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று கரிச்சான் மரம் மரமாகச் சொல்லிப் பார்த்தது. புன்னைமரத்துக் கிழக்குருவி சிரித்தது.

"உனக்குப் பாட வரலன்னு எங்க வாயையும் அடைக்கப் பாக்கிறியாடா?"

அடுத்த மழைக்குள் கிழவனும் இல்லை, அவன் மனைவியும் இல்லை. ஒவ்வொரு மரமாகக் காலியானது. மிச்சம் பூவாயி என்ற ஒரே ஒரு குருவி. விடிந்ததும் பாடுவாள். பதில் வராது. சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். பகலெல்லாம் எலிகளை விரட்டிவந்த கரிச்சானுக்கு, அவள் பட்டினியை விரட்டத் தெரியவில்லை.

ஒரு காலையில் அது புன்னைமரத்துக்குப் போனது. தினமும் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததை வைத்து, கரகர குரலை அடக்கி, கிழவன் பாடியதைப் போலவே, அவனுடைய இருமலையும் சேர்த்துப் பாடியது.

பூவாயி இறங்கி வந்து புழு தின்றாள். பிறகு கரிச்சானிடம் வந்தாள்.

"நீதானே அண்ணே அது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான்தான்."

"கிழவருக்குப் பாட்டு முடிஞ்சப்புறம்தான் இருமல் வரும். நீ நடுவுலயே இருமிட்ட."

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட வந்த?"

"பதில் வந்துச்சே. நாளைக்கு அவர் வீட்டம்மா குரல்லயும் பாடு. விட்டுட்டா கோவிச்சுக்குவா."

செத்துப்போன ஒவ்வொருவரின் குரலையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். யார் அவசரமாகப் பாடுவார், யார் இழுப்பார், யார் பாதியில் மறப்பார், எல்லாம். கரிச்சான் மரத்துக்கு மரம் பறந்து பாடியது. தீவு பழையபடி ஆனது போலிருக்கும். ஆகவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பூவாயிக்கு வயதாகிவிட்டது. ஒரு விடியலில் அவள் கிளை சும்மா இருந்தது. கரிச்சான் காத்திருந்தது. வெயில் ஏறியது. கடைசியில் அவள் குரலில் தானே பாடி, கிழவன் குரலில் தானே பதிலும் சொன்னது.

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. கடல் தாண்டி நம் ஊர்ப்பக்கம் வந்தது. இங்கே மைனா, குயில், வாலாட்டி, தையல்சிட்டு எல்லாம் தைரியமாகக் கத்திக்கொண்டிருந்தன. கரிச்சான் சும்மா இருக்கவில்லை. அவை உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு குரலாகக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

அன்று பிடித்த பழக்கம்தான், இன்றைக்கும் கரிச்சான் மற்ற பறவைகளுக்கு முன்னால் எழுந்து, அக்கம்பக்கத்தார் குரலிலெல்லாம் பாடி முடித்துவிட்டுத்தான் இரை தேடப் போகிறது.