ஏழாம் நாள் அழைத்த பெயர்கள்

பெரியவர்களும் கேளுங்கள், சிறுசுகளும் கேளுங்கள். கடலைத் தாண்டப் பாய்மரத்தையும் காற்றையும் விட்டால் வேறு கதி இல்லாத காலத்தில் நடந்தது இது.

நாகைத் துறைக்குப் பக்கத்தில் கொற்றன் என்றொரு உப்பு வணிகர் இருந்தார். அவர் மனைவி உமையாள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே மகள் அல்லி. தலைப்பிரசவத்துக்குப் பிறகு அல்லிக்குக் கால் இரண்டும் விளங்காமல் போயின. குழந்தை அழுதால் எழுந்து எடுக்க முடியாமல், படுத்த பாயிலேயே அவளும் சேர்ந்து அழுவாள். மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

அப்போது கடாரத்துக் கரையில், நம் பக்கத்து வணிகர்கள் கட்டிய கரைகாத்தாள் கோயில் ஒன்று இருந்தது. வயதான கணவனும் மனைவியும் அங்கே ஏழு நாள் தொண்டு செய்ய வேண்டும். முற்றம் பெருக்க வேண்டும், மாலை கட்ட வேண்டும், விளக்கேற்ற வேண்டும். ஏழாம் நாள் உச்சிப் பூசையில் பூசாரி அவர்கள் பெயரைச் சொல்லி அம்மனை அழைப்பார். அப்படிப் பெயர் சொல்லப்பட்டவர்களின் வேண்டுதலை அவள் தட்டியதே இல்லை என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள்.

மகளை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, கிழவரும் கிழவியும் கப்பலேறினார்கள். நாற்பது நாள் கடலில் அலைந்து கடாரம் சேர்ந்தார்கள்.

முதல் நாள் விடியும்போது உமையாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். முற்றம் பெருக்கியிருந்தது. ஒரு சருகு இல்லை. மண்ணில் ஈரக் கோடுகள் மட்டும் வளைவு வளைவாக இருந்தன.

"பூசாரியே பெருக்கிவிட்டார் போலிருக்கிறது," என்றார் கொற்றன்.

இரண்டாம் நாள் முற்றம் பெருக்கியிருந்தது, மாலையும் கட்டியிருந்தது. உமையாள் மாலையை எடுத்து முகர்ந்தாள். பூவின் மணம் இல்லை. வலையை உதறினால் வருமே, அந்த வாடை வந்தது.

மூன்றாம் நாள் முற்றம் பெருக்கியிருந்தது, மாலை கட்டியிருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. உமையாள் சுடர்மேல் கையை வைத்தாள். சூடே இல்லை. திரியைப் பார்த்தாள். பஞ்சில் திரித்தது அல்ல. கிழிந்த பாய்த்துணியில் திரித்தது.

அவள் பயந்து பின்வாங்கினாள். கொற்றனுக்கோ வேறு பயம்.

"உமையா, வேலையெல்லாம் வேறு யாரோ செய்துவிட்டால் நம் வேண்டுதல் என்னாகும்? நாம் வந்து சும்மா உட்கார்ந்திருந்ததாக அல்லவா ஆகிவிடும்?"

நான்காம் நாள் கோழி கூவும் முன்பே எழுந்து ஓடினார்கள். அப்போதும் எல்லா வேலையும் முடிந்திருந்தது.

ஐந்தாம் நாள் கொற்றன் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் உமையாள். கிழக்கு வெளுத்தது. யாரும் வரவில்லை. சந்தோஷமாக எழுந்து, முற்றத்தில் துடைப்பத்தை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தார். துடைப்பம் நகரவில்லை.

அதன் மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

கொற்றன் இழுத்தார். மறுமுனையும் இழுத்தது. பலமாக இல்லை, வயதானவர்கள் இழுப்பதைப் போலத்தான், விட்டுவிடப் பயந்து இழுத்தது. "விடு!" என்று கத்திக்கொண்டு கொற்றன் வெடுக்கென்று பறித்தார். கட்டு அவிழ்ந்து ஈர்க்குகள் முற்றமெங்கும் சிதறின. உமையாளின் காதோரம் ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தோளில் மட்டும் இரண்டு சொட்டு நீர் விழுந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

இருவரும் பூசாரி நீலகண்டரிடம் ஓடினார்கள். அவர் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு முன்பு மூன்று ஜோடி வந்தார்கள் அம்மா," என்றார். "மூன்று ஜோடியும் பாதியிலேயே ஓடிப்போனார்கள். நீங்களும் ஓடிவிடுவீர்களோ என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. போன வருஷம் தொண்டித் துறையிலிருந்து சேந்தன் என்பவரும் அவர் மனைவி காத்தாயியும் இதே தொண்டுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் பெயர் எழுதிய ஓலை முந்தின கப்பலில் வந்துவிட்டது. அவர்கள் வந்த கப்பல் இந்தக் கரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கவிழ்ந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. அதன்பிறகுதான் இப்படி."

"என்ன வேண்டிக்கொண்டு வந்தார்கள்?" என்று கேட்டாள் உமையாள்.

"அது அவர்களுக்கும் அம்மனுக்கும்தான் தெரியும்."

"அவர்கள் பெயரையும் சேர்த்து அழைக்கக் கூடாதா?"

"ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடியின் பெயர்தான். கோயில் கட்டிய நாள் முதல் அதுதான் வழக்கம்."

ஆறாம் நாள் உமையாள் ஒரு வேலையும் செய்யவில்லை. தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு பூ தானாக எழுந்தது. நார் அதைச் சுற்றிக்கொண்டது. அடுத்த பூ எழுந்தது. நடுநடுவே நார் நழுவியது, மறுபடி சுற்றியது. கை நடுங்குகிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். உமையாளின் கையும் அப்படித்தான் நடுங்கும்.

அவளுக்குப் பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த இரக்கம் அதைவிடப் பொல்லாததாக இருந்தது.

"கேட்டீர்களா," என்றாள் கணவனிடம். "இந்த வாரத்தை அவர்களுக்கு விட்டுவிடுவோம்."

கொற்றன் துள்ளி எழுந்தார். "உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? காற்று திரும்பப் போகிறது. நாளன்றைக்குக் கப்பல் கிளம்புகிறது. அதை விட்டால் ஒரு வருஷம் ஆகும். இந்த வயதில் நாம் இன்னொரு முறை வருவோமா? அல்லியை நினைத்துப் பார்த்தாயா?"

"அவளைத் தவிர வேறு எதை நினைக்கிறேன்?" என்று உமையாள் அழுதாள். "நாம் நாலு நாளாக விளக்கேற்றவில்லை, மாலை கட்டவில்லை. செய்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்ததன்மேல் நம் பெயரைச் சொல்லச் சொல்லி என் பெண்ணுக்குக் கால் கேட்க எனக்கு வாய் வரவில்லை."

கொற்றன் கடற்கரைக்குப் போனார். பொழுது சாயும்வரை நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சிதறிய ஈர்க்குகளைப் பொறுக்கி, துடைப்பத்தை இறுகக் கட்டி, முற்றத்து ஓரத்தில் சாய்த்து வைத்தார். அதுதான் அவர் சொன்ன பதில்.

ஏழாம் நாள் உச்சிப் பொழுது. வெயில் கொளுத்தியது; முற்றம் மட்டும் கிணற்றடிபோலக் குளிர்ந்திருந்தது. இருவரும் கேட்டுக்கொண்டபடியே பூசாரி இரண்டு மாலைகளைக் கையில் ஏந்தி, கரகரத்த குரலில் அழைத்தார்.

"தாயே, தொண்டித் துறை சேந்தனும் அவர் மனைவி காத்தாயியும் வந்து ஏழு நாள் தொண்டு செய்து முடித்தார்கள். அவர்கள் கேட்டதைக் கொடு."

மாலைகள் அவர் கையிலிருந்து எழுந்தன. மனிதர் நிற்கும் உயரத்தில் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு காணவில்லை. பூசாரி தரையில் விழுந்து கும்பிட்டார்.

உமையாளும் கொற்றனும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். நாற்பது நாளும் அவர்கள் அல்லியின் பெயரை எடுக்கவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஊர் வந்து வீட்டுக் கதவைத் தள்ளினார்கள். அல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

உமையாள் ஓடிப்போய் மகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "யாரடி உன்னை எழுப்பியது?"

"நீங்கள் அனுப்பினீர்களே அம்மா, அந்தப் பெரியவரும் பாட்டியும்! போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் வந்தார்கள். இவர் உப்பளத்துக்குப் போனதும் வருவார்கள், இவர் திரும்பும் முன்பு போய்விடுவார்கள். வீட்டைப் பெருக்கினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், பாட்டி என் காலை நீவிவிட்டாள். கைதான் அம்மா, ஆழக்கடல் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. ஏழு நாள் இருந்தார்கள். எட்டாம் நாள் நான் எழுந்து கதவைத் திறந்தேன். அவர்கள் வரவில்லை."

உமையாள் நாளை எண்ணிப் பார்த்தாள். பூசாரி பெயர் சொல்லி அழைத்தது அமாவாசை அன்று.

"பெயர் கேட்டாயா?" என்றார் கொற்றன்.

"கேட்டேன் அப்பா. 'எங்கள் பெயரை உன் அம்மா ஏற்கெனவே கோயிலில் சொல்ல வைத்துவிட்டாள்' என்று பாட்டி சிரித்தாள்."

தன் வேண்டுதலைத் தள்ளி வைத்துவிட்டுப் பிறர் வேண்டுதலுக்கு இடம் விடுகிறவர்களுக்கு, அவர்கள் நினைத்தும் பார்க்காத இடத்திலிருந்து துணை வந்து சேரும்.