ஒரு பாலத்தை இரண்டாக்கிய அறிஞர்கள்

மொட்டையாற்றங்கரை ஊர் ஒன்றில் ‘தடையில்லாச் சந்தைச் சிந்தனைக் கூடம்’ இருந்தது. அரசாங்கம் இனாமாகக் கொடுத்த கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, இனாம் வாங்குகிறவன் உருப்படமாட்டான் என்று நாள் முழுக்கச் சிந்திப்பார்கள். தலைவர் சோமாஸ்கந்தர். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மாசிலாமணி, சடகோபன் என்று இரண்டு அறிஞர்கள். இவர்கள் தும்மினால்கூட மந்திரி அதைச் சட்டமாக்கிவிடுவார். நாட்டின் தலையெழுத்து அப்படி.

ஒருநாள் மந்திரி ஓடிவந்தார். “பாலத்துச் சுங்கம் அதிகம்னு ஜனங்க கத்துறாங்க. என்ன செய்யலாம்?”

“ஒரே பாலம் இருந்தா அப்படித்தான். ரெண்டாக்குங்க. போட்டி வந்தா விலை தானா இறங்கும்,” என்றார் சோமாஸ்கந்தர்.

“இன்னொண்ணு கட்டணுமா?”

“சிவசிவா! அரசாங்கம் எதையும் கட்டவே கூடாது. இருக்கிறதை ரெண்டாக்குங்க.”

நீளவாக்கில் அறுப்பதா, குறுக்கே அறுப்பதா என்று அறிஞர்கள் தீவிரமாக விவாதித்தார்கள். நீளவாக்கில் அறுத்தால் செலவு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே மரப்பாலத்தைக் குறுக்கே அறுத்து நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு இடைவெளி விட்டார்கள்.

“இக்கரைக்கு ஒண்ணு, அக்கரைக்கு ஒண்ணு,” என்று பூரித்தார் மாசிலாமணி.

“சுங்கம் இறங்கிடுச்சா?” என்று கேட்டார் மந்திரி.

“ஒருத்தரும் கொடுக்கலை ஐயா. சுத்தமா இறங்கிடுச்சு!”

அப்போது தக்காளிக்காரி பேச்சியக்கா கூடையோடு வந்து சேர்ந்தாள். சந்தை அக்கரையில். இன்றைக்கு விற்காவிட்டால் அத்தனையும் அழுகிப்போகும். வீட்டில் உலை வைக்க அரிசி கிடையாது.

“அட பாவிகளா! நான் எப்படிய்யா சந்தைக்குப் போறது?”

“நீ ஏம்மா போகணும்? குறுக்கே யாரும் நிக்காம இருந்தா சந்தை தானா வரும்,” என்றார் சோமாஸ்கந்தர்.

பேச்சியக்கா இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கரையில் கிடந்த பனந்தடியைக் கயிறு கட்டி இழுத்துவந்து இடைவெளியில் போட்டாள்.

“பார்த்தீங்களா! அரசாங்கம் இல்லாமலே பாலம் வந்துடுச்சு!” என்று சோமாஸ்கந்தர் குதித்தார். மந்திரி கைதட்டினார்.

சடகோபன் முகம் மட்டும் வாடியது. “ஐயா, தடி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

சிந்தனைக் கூடத்து மூவரும் ரம்பத்தோடு ஓடிப்போய்த் தடியின் நடுவில் உட்கார்ந்து அறுத்தார்கள். தடி இரண்டானது. மூவரும் ஆற்றில் விழுந்தார்கள்.

பேச்சியக்காவுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் மனுஷ உயிராயிற்றே என்று கயிற்றை வீசினாள். சோமாஸ்கந்தர் எட்டிப் பிடித்தார்.

“எத்தனை கயிறும்மா?”

“ஒண்ணுதான், பிடிச்சுக்கிட்டு ஏறித் தொலைங்க!”

“அடடா, ஒண்ணுதானா!” என்று மிகுந்த கவலையோடு ரம்பத்தை எடுத்து அதையும் அறுத்தார்.

கரையில் மந்திரி உருகிப்போய், நாட்டிலுள்ள கிணற்றுக் கயிறுகளையெல்லாம் உடனே இரண்டாக வெட்டச் சொல்லி உத்தரவு போட்டார்.

பேச்சியக்கா பாலத்தைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், கையில் மிஞ்சிய கயிற்றைப் பார்த்தாள். முதல் தக்காளி மந்திரியின் நெற்றியில் விழுந்தது. மிச்சத்தையெல்லாம் ஆற்றுக்குள் குறிபார்த்து வீசினாள்.

ஒன்று சோமாஸ்கந்தரின் வாயில் போய் அடைத்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் போக, அவர் அதைக் கடித்து விழுங்கிவிட்டுக் கத்தினார்:

“டேய் சடகோபா, சந்தை வந்துடுச்சுடா! விலையும் எப்படி இறங்கியிருக்கு பாரு!”