நண்டு ஒளிந்திருந்த புத்தகம்

இலுப்பைக் காட்டில் பவளம் என்றொரு மைனா இருந்தது. அதற்கு வாய் ஓயாது. கதை சொல்ல உட்கார்ந்தால், கேட்பவர்கள் எழுந்து போனதுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்!

அந்தக் காட்டுக் குட்டிகளுக்கு இருந்தது ஒரே ஒரு படப் புத்தகம். சுற்றுலா வந்த யாரோ விட்டுவிட்டுப் போனது. பக்கத்துக்குப் பக்கம் உறைபனியும் வெள்ளைக் கரடியும்தான். "அக்கா, இந்தப் பனி கடிக்குமா?" என்று குட்டிகள் கேட்கும். பவளத்துக்கே தெரியாது, பாவம்.

"நம்ம காட்டுக் கதையை நாமளே புத்தகமாப் போட்டா என்ன?" என்று அது முள்ளம்பன்றி சுடலையிடம் போய்க் கேட்டது.

படம் வரைவதில் சுடலை புலி. உதிர்ந்த முள்தான் அதற்கு எழுதுகோல். நாவல்பழச் சாறுதான் மை. காய்ந்த தேக்கிலைதான் தாள். "பேஷாப் போடலாம் தங்கச்சி!" என்று உடனே வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரு யானைக்குட்டி தன் பனம்பழத்தைத் தொலைத்துவிட்டுக் காடெல்லாம் தேடுகிறது. இதுதான் கதை. சுடலை ஒவ்வொரு இலையிலும் யானைக்குட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒரு நண்டை வரைந்தது. அந்தத் திருட்டு நண்டு பனம்பழத்தை உருட்டிக்கொண்டே போனது!

பவளம் கரித்துண்டை அலகில் கவ்வியது. 'பின்னால் ஒரு நண்டு பழத்தை உருட்டுகிறது. அது யானைக்குட்டிக்குத் தெரியவில்லை' என்று இலைக்கு இலை எழுதியது.

"அதான் படத்துலயே இருக்கே! அந்த வரியை எடுத்துடு" என்றது சுடலை.

"என் வரியிலயா கை வைக்கறீங்க? படத்தைப் பார்த்துட்டு என் கதையைக் கேக்காமப் போயிட்டா?"

சொன்னதோடு நிற்கவில்லை. எழுத இடம் போதாமல் நண்டின் மேலேயே எழுதித் தள்ளியது! சுடலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை மரத்தடியில் வாசிப்பு. குட்டிகளுக்குப் பிடிக்காவிட்டால் பழையபடி வெள்ளைக் கரடிதான்!

பவளம் வாசித்தது. வாசித்தது. வாசித்துக்கொண்டே இருந்தது. முயல்குட்டி கொட்டாவி விட்டது. மான்குட்டி சாய்ந்தே விட்டது. பின்வரிசையில் யாரோ, "அந்தக் கரடிப் புத்தகம் எங்கடா?" என்று கேட்டது பவளத்தின் காதில் விழுந்தது. ஐயோ, அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கீரிக்குட்டி எட்டிப் பார்த்தது. "அக்கா, உங்க எழுத்துக்கு அடியில ஒரு கால் தெரியுதே! யாரோட கால் அது?"

தூங்கிய மான்குட்டிகூட எழுந்து ஓடிவந்தது. "எங்கே? எங்கே?"

பதில் பவளத்தின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அத்தனை கண்களும் தன் வாயை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்ப்பதை அது கவனித்தது. எழுதிய வரியை அழிக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஒரு பெருமூச்சு விட்டது. சிறகால் கரியை மெல்லத் துடைத்தது. ஒரு வரி போனது. இன்னொரு வரியும் போனது. உள்ளிருந்து வெளியே வந்தது நண்டு, பனம்பழத்தோடு!

மிஞ்சியதைப் பவளம் வாசித்தது. "யானைக்குட்டி தேடியது. காணோம்!"

"பின்னாடி! பின்னாடி பாரு!" என்று குட்டிகள் கத்தின.

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்று பவளம் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "ஐயோ அக்கா, நண்டு! நண்டு!"

சத்தம் கேட்டுப் புதரிலிருந்து சுடலை மூக்கை நீட்டியது. "என்ன தங்கச்சி, கதை எப்படி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணே! இவங்கதான் சொல்றாங்க!"

கடைசி இலை வந்தது. பவளம் அதிலிருந்த அத்தனை வரிகளையும் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. காட்டிலேயே யாரும் அப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்ததில்லை! அந்த இலையில் யானைக்குட்டியும் நண்டும் ஒரே பழத்தை ஆளுக்கொரு பக்கம் கடித்துக்கொண்டிருந்தன. அந்த முடிவைக் குட்டிகளே சொல்லிக் குதித்தன.

"மறுபடியும் முதல்லேருந்து அக்கா!"

எல்லாவற்றையும் தானே சொல்லித் தீர்த்துவிடாமல் கூட்டாளிக்கும் கேட்பவருக்கும் கொஞ்சம் இடம் விடுபவரின் கதையைத்தான் உலகம் திரும்பத் திரும்பக் கேட்கும்.