ஸ்ட்ரெச்சர் ஜெயித்த வழக்கு

ஒரு தாலுகா ஊரின் அரசு மருத்துவமனையில் ஒரு ஸ்ட்ரெச்சர் வேலை பார்த்துவந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் ஓடிப்போய் நோயாளியை ஏந்திக்கொள்ளும். வார்டுக்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்த மருத்துவமனையில் சக்கரம் வைத்த எல்லோருக்கும் சம்பளம் எண்ணெய்தான். அச்சில் எண்ணெய் விழுந்தால் துரு ஏறாது. இன்னும் சில வருடம் வேலையில் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது மருந்தறையின் கண்ணாடி அலமாரி. எண்ணெய் டப்பா அதன் கீழ்த்தட்டில்தான் இருந்தது.

ஒரு சித்திரை மாதம் அலமாரி புதிய எண்ணெய் விகிதத்தை அறிவித்தது. சக்கர நாற்காலிக்கு முதல் விகிதம். வாரம் ஒருமுறை எண்ணெய். ஸ்ட்ரெச்சருக்கும் அழுக்குத்துணி வண்டிக்கும் இரண்டாம் விகிதம், மாதம் ஒருமுறை.

ஸ்ட்ரெச்சருக்கு மனசு ஆறவில்லை.

"நாற்காலி அண்ணன் உட்கார முடிஞ்சவங்களைச் சுமக்கிறார். நான் உட்காரக்கூட முடியாதவங்களைச் சுமக்கிறேன். என் வேலை எந்த விதத்துல குறைஞ்சு போச்சு?" என்று துணிவண்டியிடம் புலம்பியது.

துணிவண்டி வயதில் மூத்தது. வார்டு வார்டாகப் போய் ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளை வாங்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோகும். ஸ்ட்ரெச்சர் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு வந்தால், அதன் மேல் கிடக்கும் விரிப்பும் துணிவண்டிக்குத்தான் போகும். அக்கா, தம்பி என்று பழகினார்கள்.

"நீ கேக்கிறது நியாயம்தான் தம்பி. எடை ஐயாகிட்ட மனு போடு. சாட்சிக்கு நான் வர்றேன். உன் வேலை எனக்குத் தெரியாதா?" என்றது துணிவண்டி.

எடை ஐயா என்பது புறநோயாளிகள் கூடத்தில் இருந்த எடை பார்க்கும் இயந்திரம். தாசில்தார் ஏறினாலும் தலைச்சுமைக்காரர் ஏறினாலும் அதன் முள் ஒரே மாதிரிதான் நகரும். அதனால் அதையே நீதிபதியாக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிகள் வரமாட்டார்கள். அன்றைக்குக் கூடத்தில் வழக்குகள் நடக்கும்.

ஸ்ட்ரெச்சரின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அலமாரி சுவரில் பொருத்தப்பட்டது. அதனால் நகர முடியாது. மருந்தறைக் கதவைத் திறந்துவைத்தால் அங்கிருந்தே பேசலாம்.

எடை ஐயா முதலிலேயே சொல்லிவிட்டார். "யாருக்கு எவ்வளவு எண்ணெய்னு சொல்றதுக்கு நான் உட்காரலை. அது அலமாரியோட வேலை. நிறுக்கிறதுக்கு முன்னாடி முள் பூஜ்யத்துல நின்னுதா, அதை மட்டும்தான் நான் பார்க்கலாம்."

பிறகு அலமாரியைக் கேட்டார். "ஸ்ட்ரெச்சரோட வேலையை நேர்ல பார்த்தீங்களா?"

"சுவத்தோட சேர்த்து வச்ச அலமாரி நான். எங்கேங்க போறது? கதவு திறந்திருந்தா இங்கேருந்தே வராந்தா தெரியும்."

"மூடியிருந்தா?"

அலமாரிக்கு உள்ளே இருந்த புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

வழக்கு அப்போதே பாதி முடிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் அலமாரி சட்டென்று வேறொன்றை எடுத்துப் போட்டது.

"ஒரு விஷயம் ஐயா. இன்னிக்கு இவருக்குக் கொடுத்தா நாளைக்குத் துணிவண்டியும் வந்து நிக்கும். ரெண்டு பேரும் ஒரே விகிதம்தானே? அத்தனை எண்ணெய்க்கு நான் எங்கே போறது?"

ஸ்ட்ரெச்சர் பதறிவிட்டது. கைக்கு எட்டியது நழுவப்போகிறது என்று நினைத்தது.

"ஐயா, அதையும் என்னையும் ஒண்ணா வச்சதுதான் எனக்குக் குறையே! நான் உசிரைச் சுமக்கிறேன். அது அழுக்கைச் சுமக்குது. நான் ஒருநாள் ஓடலைன்னா ஆள் செத்துப்போவாங்க. அது ஒரு வாரம் ஓடலைன்னா என்ன ஆயிடும்? கொஞ்சம் நாத்தம் அடிக்கும். அவ்வளவுதானே?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சக்கர நாற்காலிகூடச் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஸ்ட்ரெச்சருக்குப் பிடித்திருந்தது. அக்கா என்று கூப்பிட்ட வாயால் 'அது' என்று சொன்னதை அது கவனிக்கவே இல்லை.

"சாட்சி யாரு?" என்றார் எடை ஐயா.

வாசலோரம் நின்றிருந்த துணிவண்டி முன்னால் வந்தது. எப்போது வந்தது, எதையெல்லாம் கேட்டது என்று ஸ்ட்ரெச்சருக்குத் தெரியவில்லை. 

துணிவண்டி சாட்சி சொன்னது.

"மழை பெஞ்சா வாசல் சரிவுல யாருக்குமே சக்கரம் நிக்காது ஐயா. இவன் அப்பவும் ஆளைக் குலுங்காம மேலே கொண்டுவந்துடுவான். போன ஐப்பசியில ஒரு பிள்ளைத்தாச்சி வலி பொறுக்காம இவன் பக்கத்துக் கம்பியைப் பிடிச்சு முறுக்கிட்டா. கம்பி கோணிப்போச்சு. அப்பவும் இவன் ஆடாம அசங்காம போனான். நாற்காலி வேலைக்கு இவன் வேலை துளிகூடக் குறைஞ்சதில்லை."

எடை ஐயா துணிவண்டியைப் பார்த்துக் கேட்டார். "உனக்கு என்ன விகிதம்மா?"

"ரெண்டாவதுதான் ஐயா."

"போதுதா?"

"அது இந்த வழக்குல இல்லையே ஐயா."

எடை ஐயாவின் முள் லேசாக நடுங்கியது. "வாஸ்தவம். மனுவுல கேக்காததை என்னால நிறுக்க முடியாது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு தீர்ப்பை வாசித்தார். வேலையைப் பார்க்காமலே போட்ட விகிதம் செல்லாது. அலமாரி கதவைத் திறந்துவைத்து, கண்ணால் பார்த்து, மறுபடி முடிவு செய்யட்டும்.

அலமாரி அப்படியே செய்தது. ஸ்ட்ரெச்சருக்கு முதல் விகிதம் வந்தது. ஆனால் அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. துணிவண்டிக்கு இனி மூன்றாம் விகிதம். ஆயுதபூஜைக்கு மட்டும் எண்ணெய். காரணம்: 'அது ஒரு வாரம் ஓடாவிட்டாலும் நாற்றத்தைத் தவிர வேறொன்றும் ஆகாது என்று உடன் பணிபுரியும் ஸ்ட்ரெச்சரே நீதிமன்றத்தில் கூறியிருக்கிறது.'

உத்தரவைப் படித்துக் காட்டியபோது ஸ்ட்ரெச்சர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றது. துணிவண்டி வழக்கம்போல வந்து அதன் மேல் கிடந்த விரிப்பை வாங்கிக்கொண்டது. "ஜெயிச்சுட்டியே தம்பி. நல்லா இரு" என்றது. அதன் குரலில் கோபம் இருந்திருந்தால் ஸ்ட்ரெச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு துணிவண்டி ஒரு வராந்தாவில் வந்தால் ஸ்ட்ரெச்சர் அடுத்த வராந்தா வழியாகப் போனது. வாரா வாரம் எண்ணெய் விழும்போது அதற்கு உடம்பு கூசியது. வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. எண்ணெய் காணாத துணிவண்டியின் அச்சு துருப்பிடித்து, வண்டி ஆண்கள் வார்டுக்கு வெளியே அசையாமல் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரம் இல்லை. ஓடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று உத்தரவிலேயே இருந்ததே. அழுக்கு விரிப்புகள் கட்டிலுக்கடியில் குவிந்தன. மாற்றுவதற்கு வெளுத்த துணி இல்லை.

ஒருநாள் ஸ்ட்ரெச்சரை அந்த வார்டுக்குக் கூப்பிட்டார்கள். சின்னக் காயத்தோடு அதுவே முன்பு கொண்டுவந்து இறக்கிவிட்ட சர்க்கரை நோயாளி ஒருவர் அதன் மேல் படுக்கவைக்கப்பட்டார். காயம் புரையோடி, கால் கறுத்திருந்தது. காலை எடுக்கப்போகிறார்கள்.

"சீழ் பட்ட விரிப்பிலேயே அத்தனை நாள் படுத்திருந்தா புண் எப்படி ஆறும்?" என்று நர்ஸம்மா யாரிடமென்றில்லாமல் கத்திக்கொண்டு கூடவே வந்தார். "நல்லா நடந்து போயிருக்க வேண்டிய மனுஷன்!"

அந்த மனிதர் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் மெதுவாப் போங்கய்யா" என்று தள்ளுகிறவரிடம் கெஞ்சினார். காலோடு இருக்கும் கடைசி நிமிடங்களைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ. ஸ்ட்ரெச்சரின் சக்கரங்களோ எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓடின.

அவரை இறக்கிவிட்டதும் ஸ்ட்ரெச்சர் நேரே துணிவண்டியிடம் போனது.

"அக்கா, நீ மனு போடு. நான் சாட்சி சொல்றேன்."

"நீ போன தடவை சொன்னதே போதும் தம்பி" என்றது துணிவண்டி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, களைப்பில் சொன்னது. ஆனாலும் ஸ்ட்ரெச்சர் நகரவில்லை. கடைசியில், வார்டில் கிடந்தவர்களின் முனகல் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், துணிவண்டி மனு போட்டது.

விசாரணை நாளில் துணிவண்டியைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சர் சாட்சி சொல்ல முன்னால் வந்ததும் அலமாரி கேட்டது. "ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு இதே இடத்துல நின்னு, இந்த வண்டி ஓடலைன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னீங்க. அது நிஜமா, பொய்யா? யோசிச்சுச் சொல்லுங்க. பொய்யின்னா, பொய் சொல்லி வாங்கின முதல் விகிதத்தையும் நான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்."

ஸ்ட்ரெச்சர் வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. இரண்டாம் விகிதத்தில் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கூடம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றது துணிவண்டி. "அவனை அந்தக் கேள்வி கேக்க வேண்டாம். நான் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். கிடைச்சதை அவனாவது வச்சுக்கட்டும்."

ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அதைச் சுட்டது. யாராவது இப்படிச் சொல்லித் தன்னைக் காப்பாற்றட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றோம் என்பது அப்போது அதற்குப் புரிந்தது.

"வாபஸ்னு எழுதிடவா?" என்றார் எடை ஐயா.

"எழுதாதீங்க ஐயா" என்றது ஸ்ட்ரெச்சர். "நான் சொன்னது பொய்."

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் எடை ஐயா.

"பொய் ஐயா. அக்கா ஓடலைன்னா என்ன ஆகும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தினமும் என் மேல இருந்து விரிப்பை வாங்கிட்டுப் போறவங்க அவங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க? முதல் விகிதத்துக்காகவா?"



"அதுக்குக்கூட இல்லை ஐயா. என் வேலையைச் சொல்லியே நான் ஜெயிச்சிருக்கலாம். அந்த வார்த்தை வழக்குக்குத் தேவையே படலை. நான் மேலே போனா மட்டும் எனக்குப் பத்தலை. எனக்குக் கீழே ஒருத்தர் நிக்கணும்னு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சப்போ எனக்குச் சந்தோஷமாவும் இருந்துச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சக்கர நாற்காலி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

 "அன்னிக்கு இந்த அம்மா தன் விகிதம் வழக்குல இல்லைன்னு சொன்னதும், நல்லவேளைன்னு நானும் ஒதுங்கிட்டேன்" என்றார் எடை ஐயா. பிறகு தீர்ப்பைச் சொன்னார். மூன்றாம் விகிதம் செல்லாது. ஸ்ட்ரெச்சர் பெற்றது அதன் வேலைக்கு. அதில் கைவைக்கக் கூடாது. துணிவண்டியின் வேலையைக் கதவு வழியாகப் பார்த்தால் போதாது. அலமாரியைச் சுவரிலிருந்து கழற்றி, விரிப்பு மாற்றாத வார்டில் ஒருநாள் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குப் பிறகு அதுவே முடிவு செய்யட்டும்.

அலமாரி அந்த வார்டில் அரைநாள்தான் நின்றது. சாயங்காலத்துக்குள் துணிவண்டிக்கும் முதல் விகிதம் வந்துவிட்டது. துருவைச் சுரண்டி, அச்சில் எண்ணெய் விட்டு, அதை எழுப்பி நிறுத்தினார்கள். கால் போன மனிதரை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை குறுகலான வராந்தாவில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் நின்றது.

"அக்கா, என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

துணிவண்டி அதன் முகத்தைப் பார்த்தது. 

"வழி விடு தம்பி. வார்டுல விரிப்பு கிடக்கு."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்ட்ரெச்சருக்குத்தான் வழிவிடுவார்கள். அன்று ஸ்ட்ரெச்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அழுக்குத்துணி வண்டி கடந்து போகும்வரை தலை குனிந்து நின்றது.