மிரேனின் மொழிக்கு இரண்டு குறியீடு

ஏலகிரி அடிவாரத்து ஆசிரமம் அது. குரு மங்கையம்மையின் பேச்சைப் பல நாட்டு விருந்தினர்கள் தங்கள் மொழியில் சொல்லிப் பதிவு செய்வார்கள். அவற்றை இணையத்தில் ஏற்றுவது சீடர் சபாபதியின் பொறுப்பு. கணினி வேலையில் ஓய்வு பெற்றவர். குருவைவிட மூத்தவர்.

ஒரு பிற்பகல், மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா! உலகத்துக்கே பொதுவான பட்டியல்ல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன்!"

"உட்காருங்க. என்ன தப்பு?"

அவர் உட்காரவில்லை.

"மொழிக்கு மூணெழுத்துக் குறியீடு உண்டு இல்லையா? இத்தாலிய மொழிக்கு ஐ, டி, ஏ. எங்கே பார்த்தாலும் அதேதான். ஸ்பெயின்லேருந்து வந்திருக்கற நம்ம மிரேன் பேசுற பாஸ்க் மொழிக்குப் பாருங்க, ரெண்டு! பி, ஏ, க்யூ ஒண்ணு. ஈ, யூ, எஸ் இன்னொண்ணு."

"ரெண்டும் செல்லுமா?"

"செல்லுமாம்! கோடிக்கணக்கான பேர் பேசுற மொழிக்கு ஒண்ணு, மலையோரத்துல கொஞ்சம் பேர் பேசுறதுக்கு ரெண்டா? நம்ம தளத்துலேருந்து ஒண்ணைத் தூக்கிடப் போறேன். சாயங்காலம் மிரேனோட பதிவு வெளியாகணும். நாளைக்கு ஊருக்குக் கிளம்பறாங்க. எதைத் தூக்க?"

"அந்த எழுத்தெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"முதல்ல சொன்னது பாஸ்க்ங்கிற பேர்லேருந்து. வெளியில இருக்கறவங்க வச்ச பேரு. மத்தது எவுஸ்காரா. அவங்களே தங்கள் மொழியைச் சொல்ற பேரு."

"இத்தாலிக்கு?"

"இத்தாலியன்னு நாம சொன்னாலும், இத்தாலியானோன்னு அவங்க சொன்னாலும், முதல் மூணெழுத்து ஒண்ணுதானே."

"மிரேனும் அந்த இத்தாலிப் பையன் பாவ்லோவும் சமையற்கட்டுல காய் நறுக்கறாங்க. போய் எல்லாப் பேரையும் சொல்லிப் பாருங்க."

சபாபதி போனார். வாசலில் நின்று, "இத்தாலியன்!" என்றார். பாவ்லோ நிமிர்ந்து சிரித்தான். "இத்தாலியானோ!" அதே சிரிப்பு.

"பாஸ்க்!" என்றார். மிரேன் தலையசைத்துவிட்டுப் பூசணியை நறுக்கினாள்.

"எவுஸ்காரா!"

கத்தி கீழே விழுந்தது. அவள் ஓடி வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மடை திறந்தாற்போல் பேசினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மன்னிக்கணும் அம்மா, எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில்.

அவள் ஈரக் கண்களோடு சிரித்தாள். "ஊரை விட்டு வந்ததிலிருந்து அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள்."

சொன்னார். உச்சரிப்பைத் திருத்தினாள். மறுபடி சொன்னார். பாவ்லோவும் சேர்ந்து கத்தினான்.

சபாபதி குருவிடம் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"புரிஞ்சிடுச்சு அம்மா! அந்த பி, ஏ, க்யூவைத் தூக்கி எறியறேன்!"

"வேண்டாம்."

"ஏன்? அவங்க பேரு எவுஸ்காராதானே? ரெண்டு எதுக்கு?"

குரு சொன்னார்:

"ஒண்ணு, நாம அவங்களைத் தேடிப் போக. இன்னொண்ணு, அவங்க ஓடி வர."