பெரிய டாக்டரின் கண்புரை வகுப்பு

கண் டாக்டர்கள் புதுசு புதுசாகப் படிக்கணுமே என்று அந்த ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் வகுப்பு நடக்கும். கண்புரை பற்றிப் பேசுவது எப்போதும் பெரிய டாக்டர் நமச்சிவாயம்தான். இந்த வருஷம் பாதிப் பேச்சிலேயே, மூன்றாம் வருஷப் பயிற்சி டாக்டர் இசக்கியம்மாள் கண்ணயர்ந்துவிட்டாள்.

"தூக்கமா? நான் பேசினதை ஒரு வரி விடாம ஒப்பி! இல்லேன்னா ஆபரேஷன் தியேட்டர் பக்கமே வராதே!"

ஒப்பித்தாள். நடுவில் வரும் ஜோக்கையும், அவர் இன்னும் பேசாத மிச்சத்தையும் சேர்த்தே ஒப்பித்தாள்.

"ஒரு சந்தேகம் சார். கண்ணை மூடிக்கிட்டே ஒருத்தர் பார்வை அட்டையைக் கடகடன்னு படிச்சா நாம என்ன செய்யணும்?"

"மனப்பாடம் பண்ணிட்டாருன்னு அர்த்தம். அட்டையை மாத்த..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சபை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"காலையில தியேட்டருக்கு வந்துடும்மா. இன்னைக்கு வகுப்பு போதும். எனக்குப் படிக்கிற வேலை கிடக்கு."