ஒரு பணக் கச்சேரி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதவர்களுக்கு மட்டுமே கதை சொல்லப்பட்ட காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் விடிந்தால் அவருக்கு ஒரு புது ஆசை பிறக்கும். அப்படி ஒரு நாள், தம் பெயர் சொல்ல ஒரு பாட்டு மண்டபம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. மண்டபம் எழும்பியது. குழல்மொழி அம்மாள் என்ற பெரிய பாடகி, காசிக்குப் போகும் வழியில் இரண்டே நாள் அங்கே பாட ஒப்புக்கொண்டார். "யார் வேண்டுமானாலும் வரலாம், கச்சேரிக்கு ஒரே ஒரு பணம்" என்று தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தார்கள்.

அந்த அரண்மனையில் அழகியநம்பி என்று ஒரு விகடன் இருந்தான். பேரைக் கேட்டு ஆளைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். கழுதை கத்துவதற்கும் காம்போதிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அவன் மனைவி உலகம்மைக்கோ குழல்மொழி அம்மாள் பாட்டென்றால் உயிர். சிறுமியாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மாள் பாடக் கேட்டிருக்கிறாள். 'ஆற்றங்கரையில் நில் என்றான்' என்று பாட்டு தொடங்கியது. பாதியிலேயே பந்திக்கு இலை போட வரச்சொல்லி இவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிற்கச் சொன்னவன் வந்தானா இல்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"அட, இவ்வளவுதானா? ரெண்டு பேருக்கு ரெண்டு பணம். புறப்படு" என்றான் அழகியநம்பி, ராஜா போர்த்திய சரிகைச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு.

மண்டப வாசலில் ஒரு கணக்கன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பணத்தை வாங்கிக்கொண்டு, "கதவுப் பணம்?" என்றான்.

"அது என்ன?"

"கதவு தானா திறக்குமா சாமி? திறக்கிற ஆளுக்குக் கூலி வேணாமா?"

கொடுத்தான். உள்ளே இருட்டாக இருக்குமாம், அதற்கு விளக்குப் பணம். கொடுத்தான். தரை சில்லென்று இருக்குமாம், பாய்ப் பணம். புழுங்குமாம், விசிறிப் பணம். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் இவ்வளவு கொடுத்த பிறகு திரும்புவதா என்று அவனுடைய புத்தியே அவன் மடியை அவிழ்த்தது. ராஜாவையே மடக்கும் புத்தி அது என்று ஊரில் பேச்சு.

கடைசியில் கணக்கன் சொன்னான்: "இத்தனையையும் ஒரே இடத்துல வாங்கி உங்களை அலையவிடாம பண்றேனே, அந்தச் சௌகரியத்துக்கு ஆளுக்கு ஒரு பணம்."

மடி காலி. அழகியநம்பி சால்வையைக் கழற்றிக் கொடுத்தான். கணக்கன் அதை உதறிப் பார்த்து, ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருப்பதைச் சொல்லிக் கொஞ்ச நேரம் யோசித்து, பெரிய மனசு பண்ணி உள்ளே விட்டான். அவர்கள் உள்ளே கால் வைக்கவும் குழல்மொழி அம்மாள் மங்களம் பாடவும் சரியாக இருந்தது.

வீட்டு வாசலை மிதித்ததும் உலகம்மை பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு, ஆறு எடத்துல தலையாட்டுனீங்களே. பூம்பூம் மாடுகூட அரிசி வாங்கிட்டுத்தான் ஆட்டும்."

அவனுக்குச் சுருக்கென்றது. அன்றிரவு அவன் கண்ணை மூடவே இல்லை.

மறுநாள் காலையில் அவன் சபைக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. கருவூலத் தலைவர் திருமேனியார் முந்திக்கொண்டார். மண்டப வாசலில் பணம் கறக்கும் வழியெல்லாம் அவர் யோசனைதான். விகடன் ஆசனத்தில் தம் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"மன்னா, தங்கள் பெயரால் அடித்த தமுக்கு பொய் சொல்லிற்று என்று அழகியநம்பி ஊரெல்லாம் பேசித் திரிகிறான். கச்சேரிக்கு ஒரு பணத்துக்கு மேல் ஒரு காசு வாங்கியதில்லை. கதவு, விளக்கு, பாய், விசிறி இவையெல்லாம் வேறு. இவை கச்சேரியைச் சேர்ந்தவையே அல்ல."

ராஜாவின் முகம் சிவந்தது. "அழகியநம்பி, என் வாக்கு பொய்த்ததா? இன்று மாலைக்குள் மெய்ப்பித்துக் காட்டு. தவறினால் நாளை முதல் உனக்கு இந்த ஆசனம் இல்லை. மண்டப வாசலில் உட்கார்ந்து கதவுப் பணம் வசூலிப்பாய்."

சபை சிரித்தது. ஆசனம் போனால் போகட்டும். அம்மாள் நாளைக் காலை காசிக்குப் புறப்பட்டுவிடுவார். அப்புறம் உலகம்மை அந்தப் பாட்டின் மறுபாதியைக் கேட்கவே போவதில்லை. அதுதான் அழகியநம்பியை அறுத்தது.

"மன்னா, தங்கள் வாக்கு பொய்க்கவில்லை. நான்தான் மூடன். கச்சேரியை மட்டும் கேட்காமல், வேண்டாததையெல்லாம் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு வரம் தாருங்கள். ஒரு பணம் கொடுத்தவர்களுக்கு இன்று கச்சேரியை மட்டும் கொடுக்கும்படி உத்தரவிடுங்கள். கதவோ விளக்கோ பாயோ விசிறியோ எங்களுக்கு வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

திருமேனியாருக்கு வாயெல்லாம் பல். கதவு வேண்டாம் என்றவன் உள்ளே எப்படி வருவான்? வேலை மெனக்கெட்டு அவரே போய் மண்டபத்தின் எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

அழகியநம்பி நேராகக் குழல்மொழி அம்மாள் தங்கியிருந்த சத்திரத்துக்குப் போய் ராஜாவின் உத்தரவைச் சொன்னான்.

அந்த அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "ஒரு பணம் குடுத்தவங்களுக்குக் கச்சேரியைக் குடுக்கணும். அதானே ராஜா சொன்னது?"

"அதுதாம்மா."

"எனக்கு வர்ற காசுலயும் மேடை தேயுதுன்னு கழிச்சுட்டான் அந்தக் கருவூலத்து மனுஷன். நான் பாடியா மேடை தேயும்? சரி, அவங்கள்லாம் எங்க உக்காருவாங்க?"

"ஆற்று மணலில்."

"அப்ப நான் அங்கல்ல வரணும்" என்று அம்மாள் தம்பூராவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பொழுது சாயும் முன்பே ஊர் முழுக்க மணலில் கூடிவிட்டது. வெயில் இருந்ததால் விளக்கு வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக் காற்றுக்கு விசிறி வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு பணம் என்று ஒரு கூடையில் போட்டார்கள். கூடை அம்மாளின் பக்கத்திலேயே இருந்தது.

மண்டபத்திலோ கதவைச் சாத்தி, விளக்கு ஏற்றி, பாய் விரித்து, விசிறிகள் வீச, ராஜாவும் பெரிய மனிதர்களும் காத்திருந்தார்கள். காத்திருந்து கொட்டாவி விட்டார்கள். பிறகு ஆற்றுப் பக்கமிருந்து பாட்டு கேட்டது. ராஜா எழுந்து சத்தம் வந்த திசையில் விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே திருமேனியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ராஜாவைக் கண்டு பாட்டு நின்றது. "என்ன இது, அழகியநம்பி? மண்டபம் அங்கே இருக்கிறது, கச்சேரி இங்கே நடக்கிறதே?"

"மன்னா, மண்டபத்தில் கதவு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"விளக்கு, பாய், விசிறி?"

"எல்லாம் இருக்கின்றன. பாட்டுதான் இல்லை."

"அவையெல்லாம் கச்சேரியைச் சேர்ந்தவை அல்ல என்று கருவூலத் தலைவர்தானே சபையில் சொன்னார்? அவற்றை அவரிடமே விட்டுவிட்டு நாங்கள் கச்சேரியை மட்டும் எடுத்துக்கொண்டோம்."

"ஆனால் மண்டபத்தில் இருந்த எங்களுக்கும் கச்சேரி உண்டல்லவா?" என்றார் திருமேனியார், மூச்சு வாங்க.

"ஒரு பணம் கொடுத்தவர்களுக்குத்தான் கச்சேரி என்பது உத்தரவு. மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் அதைக் கொடுத்தவர் யார் ஐயா?"

பெரிய மனிதர்கள் என்றைக்குக் காசு கொடுத்துக் கச்சேரி கேட்டார்கள்?

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இடுப்பைத் தடவினார். ராஜாக்கள் மடியில் காசு வைத்துக்கொள்வதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. முன் வரிசையில் இருந்த உலகம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பணத்தை எடுத்து நீட்டினாள்.

"கூடையில போட்டுட்டு உக்காருங்க ராஜா. உக்கார்றதுக்குத் தனியா ஒண்ணும் கிடையாது."

ராஜா மணலில் உட்கார்ந்தார். திருமேனியார் நின்றுகொண்டே கேட்டார். குழல்மொழி அம்மாள் உலகம்மையைப் பார்த்து, "உனக்கு என்ன பாட்டு வேணும் தாயி?" என்றார். அவள் சொன்னாள். பாட்டு தொடங்கியது.

அழகியநம்பியும் கேட்கத்தான் உட்கார்ந்தான். ஆனால் முதல் நாள் இரவு தூங்காத கண், குளிர்ந்த மணல், ஆற்றுக் காற்று. நிற்கச் சொன்னவனுக்காக அவள் காத்திருக்கும் இடம் வரைக்கும்தான் அவனுக்குத் தெரியும். விழித்தபோது சபை கலைந்துகொண்டிருந்தது. உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தானா?" என்று கேட்டான் அழகியநம்பி.

"சொல்றதுக்கு ஒரு பணம்" என்றாள் அவள். "வாயத் திறக்கிறதுக்குத் தனி. உங்க குறட்டைக்கு நடுவுல கேட்ட கஷ்டத்துக்குத் தனி."

பின்னால் நின்ற ராஜா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாளை முதல் மண்டப வாசலில் ஒரு பணத்துக்கு மேல் கேட்பவனுக்குக் கசையடி என்று அங்கேயே உத்தரவு போட்டார். உலகம்மை கொடுத்த ஒரு பணத்தைப் பொற்கிழியாகவே திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தார். தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து அழகியநம்பிக்குப் போர்த்தினார்.

அழகியநம்பி சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து கேட்டான்: "மன்னா, போர்த்தியதற்குத் தனியாக ஏதாவது உண்டா?"

ராஜா மறுபடி சிரித்தார். உலகம்மைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது அவளே சொன்னாள், காசு கேட்காமல்.

"வந்தான். நேரம் கழிச்சுத்தான் வந்தான். ஆனா வந்துட்டான்."